மோட்டார் பூட்டிய சைக்கிளில் பின்னேர ஓட்டம்: நீங்கள் கேட்டவை

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பற்றறியோடு திருகோணமலை டவுனில் இருந்து நிலாவெளி போய்த் திரும்பலாமா?

தாராளமாக, ஆனால் மிதிக்க வேண்டும். பற்றறியில் இருப்பது 360 வாட்-மணி. நீங்களும் மிதித்து மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால், கிலோமீற்றருக்குப் பத்து வாட்-மணிக்குள் முடியும். போக வர ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வீடு வரும்போது கொஞ்சம் மிச்சமும் இருக்கும். த்ரொட்டிலை முறுக்கி 30இல் பறந்தால் கதை வேறு. காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். திரும்பும் வழியில் சாம்பல்தீவுப் பக்கம் சைக்கிள் கனக்கத் தொடங்கும். தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் மோசம்: காற்று ஓரமாகத் தள்ளிவிடும்.

லிங்கநகர் அக்கா: பழைய லப்டொப் பற்றறிகளைக் கழற்றி மகன் பற்றறி கட்டுகிறான். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் சரிதான் அக்கா, நிறுத்தச் சொல்லுங்கள். வயது வேறுபட்ட செல்களை வரிசையாகச் சேர்த்தால் நலிந்தது முதலில் இறங்கிவிடும். மற்றவை அதைப் போட்டு அழுத்தும், அது சூடாகும். சோல்டரிங் அயனை நேரடியாக வைத்தால் செல்லின் உள்ளே இருக்கும் மெல்லிய தாள் கெட்டுப்போகும். அதனால்தான் நிக்கல் பட்டியை நொடிப்பொழுதுச் சூட்டில் ஒட்டும் ஸ்பொட் வெல்டிங் செய்கிறார்கள். பத்துச் செல் வரிசையாகச் சேர்ந்த பற்றறிக்கு முழு சார்ஜ் 42 வோல்ட்; அதற்கு மேல் போகாமல் தடுக்க பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்கியூட் கட்டாயம். மோட்டார், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் பிள்ளை தன் கையால் செய்யட்டும், அதில் படிக்க நிறைய இருக்கிறது. பற்றறியை மட்டும் ஒரே வகைப் புதுச் செல்களில் கட்டியதாக வாங்குங்கள். ஓடி வந்த சூடு ஆறிய பிறகு, சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். படுக்கை அறையில் வேண்டவே வேண்டாம்.

டச் பே பக்கம் இருந்து: கடற்கரையில் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மோட்டார் இடையிடையே வெட்டி வெட்டி ஓடுகிறது.

மோட்டார் வயரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. சுரண்டித் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசி மாட்டுங்கள். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கொன்ட்ரோலர் பெட்டிக்குள் வயர் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள்; மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: 250 வாட் மோட்டார் கோணேசர் கோயில் ஏற்றம் ஏறுமா?

ஏறும் ஐயா. நின்ற இடத்தில் இருந்து த்ரொட்டிலால் மட்டும் இழுக்காதீர்கள். சில்லு மெதுவாகச் சுற்றும்போது கரண்டில் பாதிக்கு மேல் வெறும் சூடாகிப் போகும். சிறிய கியரில் மிதித்துக்கொண்டே ஏறுங்கள். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும், அங்கே வேகம் வேண்டாம்.

சீனக்குடாத் தம்பி: மோட்டாரைப் பூட்ட முன்சில்லா, பின்சில்லா?

முன்சில்லைத் தாங்கும் போர்க் அலுமினியம் என்றால் பின்சில்லுதான். எதில் பூட்டினாலும் அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் டோர்க் ஆர்ம் போடாமல் ஓடாதீர்கள். அச்சு சுழன்றால் வயரை அறுத்து, சில்லும் கழன்றுவிடும்.

உப்புவெளித் தம்பியே மறுபடியும்: எந்த நேரம் நல்லது?

நாலரைக்கு வெளிக்கிடுங்கள். வெயில் தணிந்திருக்கும், ஆறு ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியை முதலாம் நிலையில் வையுங்கள். கரண்டைச் சீரான அலையாக அனுப்பும் சைன் வேவ் கொன்ட்ரோலர் என்றால் மோட்டார் சத்தம் அடங்கி, அலைச் சத்தம்கூடக் கேட்கும். இதற்காகத்தான் நான் பெரிய மோட்டார் பக்கமே போகவில்லை. இருட்டினால் மாடுகள் வீதியில் படுத்துவிடும், அதனால் முன்விளக்குக்குத் தனிச் சிறு பற்றறி வையுங்கள். பெரிய பற்றறி தீர்ந்தாலும் வெளிச்சம் இருக்க வேண்டும்.