கிரிஸ் குத்துவாளின் பாமோர் கோலத்தை எப்படி அடையாளம் காண்பது?

ஜாவாவின் கிரிஸ் அலகில் தெரியும் வெள்ளிநிற வரிகள்தான் பாமோர். இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தை அடுக்கி, காய்ச்சி அடித்து உருவாக்குவார்கள். எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் (ஆர்சனிக் நஞ்சு) கலந்து பூசினால் இரும்பு கறுக்கும், நிக்கல் மின்னும்.

முதலில் அடுக்குகளின் போக்கைப் பாருங்கள். அலகின் முகத்துக்கு இணையாகக் கிடந்தால் ம்லுமா, செங்குத்தாக நின்றால் மீரிங். சிதறிய அரிசிபோல் ஒழுங்கற்ற திட்டுகள் இருந்தால் பெராஸ் வுத்தா, அது ம்லுமா வகை. அடியிலிருந்து நுனிவரை ஓடும் கோடுகள் அடெக், மீரிங் வகை. ஒன்றுக்குள் ஒன்றான சிறு வட்டங்கள் உடான் மாஸ்.

அமிலத்தால் மேற்பரப்பில் மட்டும் வரைந்த போலிகளும் உண்டு. விளிம்பிலும் தேய்ந்த இடத்திலும் வரி உள்ளே தொடர்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயர் தேடுவதைவிட இந்தச் சோதனையே முக்கியம் என்பேன். அலகின் வளைவுகளை எண்ணிப் பாமோரை முடிவுசெய்யாதீர்கள். அது தனிக் கணக்கு.