கோல்டனுக்கு ஆயுள் மாத்திரை: எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி: எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு 7 வயது, 30 கிலோ எடை. தைராய்டு குறைவு என்று ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கில் பெயரில்லாத கவரில் போட்டுத் தருகிறார்கள், விலையும் அதிகம். சீட்டு எழுதி வாங்கி மெடிக்கலில் காட்டினால், "இவ்வளவு டோஸா? தப்பா எழுதியிருக்காங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெட் ஷாப்பில் சீட்டே வேண்டாமாம். ஆன்லைனில் தள்ளுபடி. எங்கேதான் வாங்குவது? — திருப்பூர் வாசகி.

பதில்: மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்குங்கள். நாய்களுக்கு எழுதப்படும் தைராக்ஸின், மனிதர்களுக்கான அதே லெவோதைராக்ஸின் சோடியம்தான். கிளினிக் கவரில் இருப்பதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் கடைக்குப் போகுமுன் சீட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உங்களைத் திருப்பி அனுப்பியது கடைக்காரரின் பிடிவாதம் மட்டுமல்ல, சீட்டு எழுதிய விதமும்தான்.

நாய்க்குப் பொதுவாகத் தொடங்கும் அளவு, ஒரு கிலோ எடைக்கு 20 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 30 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 600 மைக்ரோகிராம். கடைக்காரர் தினமும் பார்ப்பது, ஒரு நாள் முழுவதற்கும் 100 மைக்ரோகிராம் சாப்பிடும் 60 கிலோ மனிதர்களை. அவர் மிரளாமல் என்ன செய்வார்? நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது, உடலும் சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. அதனால்தான் இந்த அளவு. இதை உங்களால் கவுண்டரில் நின்று விளக்க முடியாது, சீட்டுதான் பேச வேண்டும்.

நம் கால்நடை மருத்துவர்களில் பலர் "0.6 மி.கி." என்று எழுதுகிறார்கள். பாட்டிலில் இருப்பதோ மைக்ரோகிராம். ஒரு புள்ளி மங்கினால் 6 ஆகும், ஒரு சைபர் கூடினால் 0.06 ஆகும். எனவே "600 மைக்ரோகிராம், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "150 மைக்ரோகிராம் மாத்திரை, வேளைக்கு 4" என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 100 மைக்ரோகிராம் மாத்திரையாக இருந்தால் வேளைக்கு 6 கொடுக்க வேண்டும். 120 மாத்திரை பாட்டில் பத்து நாளில் காலி. 150 ஆக இருந்தால் அதே பாட்டில் 15 நாள் வரும். விலையை ஒப்பிடும்போது பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். "இதையே பாதியா கொடுங்கம்மா, போதும்" என்று கடைக்காரர் கருணை காட்டினால் ஏற்காதீர்கள். பாதி அளவு கொடுத்தால் நாய் மந்தமாகவே இருக்கும், முடி கொட்டுவதும் நிற்காது, கடைசியில் பழி மருந்தின் மேல் விழும்.

சீட்டில் நாயின் பெயர், எடை, உங்கள் பெயர், முகவரி, மொத்த மாத்திரை எண்ணிக்கை, மருத்துவரின் பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்கட்டும். 1945-ம் வருட மருந்து விதிகளிலேயே, விலங்குக்கான சீட்டில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று உண்டு. ஆக, கால்நடை மருத்துவரின் சீட்டுக்கு மருந்து தருவது சட்டத்துக்குப் புறம்பல்ல. "நாய்க்குத் தர மாட்டோம்" என்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அடுத்த கடைக்குப் போங்கள். "மூன்று மாதத்துக்கு, மாதம் ஒரு முறை" என்றும் எழுதி வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கன்சல்டேஷன் கட்ட வேண்டியதில்லை. ஜன் ஔஷதி கடையிலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். அங்கே எல்லா அளவும் இருக்காது, ஆனால் கிடைத்தால் செலவு நன்றாகக் குறையும்.

இனி அந்தப் பெட் ஷாப். பெல்ட், பிஸ்கட், ஷாம்பு எல்லாம் அங்கே வாங்கலாம். மாத்திரைக்கு மருந்து உரிமம் வேண்டும். அது படிவம் 20, 21 என்று கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சுவரில் அது இல்லாமல் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து மாத்திரை வருகிறதென்றால், அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விற்கக் கூடாத மருத்துவர் சாம்பிளாக இருக்கலாம், காலாவதிச் சரக்காக இருக்கலாம். எக்ஸ்பைரி தேதி இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டு மிச்ச ஸ்ட்ரிப்பைத் தருவது பழைய தந்திரம். தைராக்ஸின் வெளிச்சம், ஈரம், சூடு மூன்றுக்கும் ஆகாதது. அதைப் பொட்டலத்தில் வாங்குவது காசைக் கரைப்பதுதான். கூடவே "முடிக்கு நல்லது" என்று ஒரு கால்சியம் டானிக்கையும் தலையில் கட்டுவார்கள். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்ஸினை உறிஞ்சவிடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கிளினிக்கில் வாங்குவது தவறல்ல, தன் நோயாளிக்கு மருத்துவர் மருந்து தரலாம். ஆனால் கவரில் மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதி நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஆன்லைனில் சீட்டை வாங்கிப் பார்த்து, உரிம எண்ணோடு பில் தரும் கடையென்றால் சரி. "எங்கள் டாக்டர் இரண்டு நிமிடத்தில் அழைப்பார்" என்று சொல்லி, நாயைப் பார்க்காமலே சீட்டுத் தயாரிக்கும் கடைகளைத் தவிருங்கள். இணைய மருந்து விற்பனைக்கு 2018-ல் வரைவு விதி வந்தது. அதே வருடம் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போய், தடை வந்து, அந்தத் தடைக்கும் தடை வந்தது. வரைவு வரைவாகவே கிடக்கிறது, நாம் பார்சலுக்குக் காத்திருக்கிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் கூரியர் வண்டியில் வெந்து வரும் மாத்திரைக்குத் தள்ளுபடி எதற்கு? அந்த இரண்டு மாதமாவது உள்ளூரில் வாங்குங்கள்.

தைராய்டுக்கு மனித மாத்திரை சரி என்றதும் மற்றதற்கும் அதே கணக்கைப் போட வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒரே கம்பெனி மாத்திரையையே தொடருங்கள். உணவோடு கொடுத்தால் எப்போதும் உணவோடு, வெறும் வயிற்றில் என்றால் எப்போதும் அப்படியே. பிராண்ட் மாறினால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, காலை மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து டி4 (ரத்தத்தில் தைராக்ஸின் அளவு) பாருங்கள். அதற்கு முன்பே அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, மூச்சிரைத்து நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, எடை சரிந்தாலோ டோஸ் கூடிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாட்டிலில் பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள்.