பைக்கின் ஆயில் போல்ட்டில் ‘மரை போய்விட்டது’ என்றால் என்ன? என்ன செய்வது?

எஞ்சினின் அடியில், பழைய ஆயிலை இறக்குவதற்கென்று ஒரு போல்ட் இருக்கிறது. அதன் மரையோ (சுற்றிச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம்), அது அமரும் துளையின் மரையோ சிதைந்து, போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றுவதைத்தான் ‘மரை போய்விட்டது’ என்கிறோம்.

போல்ட் எஃகு, எஞ்சின் கூடு அலுமினியம். எஃகு எவ்வளவு கெட்டி என்று சேலத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் மல்லுக்கட்டினால் பெரும்பாலும் தோற்பது அலுமினியம்தான். பிளாஸ்டிக் புட்டியின் மூடியை மிதமிஞ்சி முறுக்கினால் ‘டக்’கென்று வழுக்குமே, அதே கதை. கழற்றிய போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளிச் சுருள்போல் ஏதாவது மின்னினால், அது துளையிலிருந்து பெயர்ந்து வந்த மரை.

போல்ட் மட்டும் கெட்டிருந்தால் புதியது போதும். துளை கெட்டிருந்தால், லேத் பட்டறையில் அதைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்துவார்கள். அசலைவிட உறுதியாகவே நிற்கும். வெட்டிய துகள்கள் தங்காதபடி கொஞ்சம் ஆயில் ஊற்றி அலசச் சொல்லுங்கள். பசையைத் தடவி ஒப்பேற்றிக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஏறாதீர்கள். கசியும் ஆயில் பின்சக்கரத்தில்தான் படும்.

இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்பது தவறு. கசிவைத் தடுப்பது வாஷர், அதைப் புதிதாகப் போட்டால் அளவான இறுக்கமே போதும்.