வாசகர் கேள்வி: மொமென்ட் மேப் ஏன் 0-ஐத் தொட மறுக்கிறது?

கேள்வி: ஒரு முனையும் அதில் ஒரு வளையமும் மட்டுமே உள்ள குயிவர் (முனைகளை அம்புகளால் இணைத்த படம்; ஒவ்வொரு அம்புக்கும் ஓர் அணி). மேல் வலது மூலையில் 1, மற்ற இடங்களில் 0 கொண்ட 2×2 அணியிலிருந்து மொமென்ட் மேப்பை 0-க்குக் கொண்டுபோக வேண்டிய கிரேடியன்ட் ஓட்டத்தை (ஒரு சார்பின் மிகச் செங்குத்தான சரிவில் இறங்கும் பாதை) கணினியில் ஓட்டினேன். நேரம் 100 ஆகியும் மூலை உறுப்பு 0.05-இல் நிற்கிறது. நிரலில் பிழையா?

பதில்: நிரல் சரிதான். இந்த அணிக்கு ஓட்டமே அவ்வளவு மெதுவானது.

அணியை க என்போம். நிரை நிரல் மாற்றி, உறுப்புகளின் இணை எண்களை எடுத்தால் க*. இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் எவ்வளவு வேறுபடும் என்று காட்டுவதே இந்தக் குயிவரின் மொமென்ட் மேப்: ம = கக* − க*க. ம-வின் நார்ம் வர்க்கத்தில் (உறுப்பு அளவுகளின் வர்க்கக் கூடுதலில்) கால் பங்கை எடுத்து அதன் சரிவில் இறங்கினால், க மாறும் வேகம் −(மக − கம). மூலை உறுப்பு ப என்றால் அதன் வேகம் −2ப³. 1-இல் தொடங்கினால் தீர்வு ப = 1/√(1 + 4 × நேரம்). நேரம் 2-இல் 1/3, 6-இல் 1/5, 100-இல் 0.0499. 0.001-க்கு இறங்க ஏறக்குறைய 2,50,000 ஆகும்!

காரணம் வடிவியலில் இருக்கிறது. ஓட்டம் அணியின் அடிமாற்றச் சுற்றுப்பாதையை (அதே அணியை வெவ்வேறு அச்சுகளில் எழுதினால் கிடைக்கும் எல்லா அணிகளின் தொகுப்பை) விட்டு விலகாது. ஐகென் மதிப்புகள் (அணி திசை மாற்றாத வெக்டர்களை நீட்டும் மடங்குகள்) மாறாது. உங்கள் அணிக்கு இரண்டுமே 0. ஓட்டம் போய்ச்சேரும் பூச்சிய அணியோ அந்தப் பாதைக்கு வெளியே, அதன் விளிம்பில் இருக்கிறது. ம = 0 ஆகும் புள்ளி மூடிய, அதாவது தன் விளிம்புப் புள்ளிகளையும் உள்ளடக்கிய, சுற்றுப்பாதையில்தான் கிடைக்கும் என்பது கெம்ப்–நெஸ் தேற்றம் (1979). ஐகென் மதிப்புகள் வேறுபட்டால் பாதை மூடியது. அப்போது கடைசிக் கட்டத்தில் பிழை அடுக்குக்குறி வேகத்தில் தேயும். தேயும் வீதம் 2 × (வேறுபாடு)². வேறுபாடு 0.1 என்றால் வீதம் வெறும் 0.02, இதையும் பலர் 'நின்றுவிட்டது' என்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்தறிய, பிழையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் பாதை மூடியது. இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்தால்தான் நேர்கோடு, அதுவும் சாய்வு −1/2 என்றால், உங்கள் நிலைதான்.

கேள்வி: இரு முனை, ஓர் அம்பு, பரிமாணம் 1, 1; அதனால் அம்பின் அணி ஒரே எண், ப. சமன்பாடு: ப-வின் வேகம் −ப(ப² − 1). 3-இல் தொடங்கி, படி 0.5 வைத்தால் 3, −9, 351 என்று வெடிக்கிறதே?

பதில்: முப்படி உறுப்பு இருக்கும்போது ஆய்லர் முறைக்கு (வேகம் × படியைக் கூட்டி முன்னேறுவது) இந்தப் படி மிகப் பெரிது. 0.1 வைத்தால் 3-இலிருந்து 0.6-க்கு வரும். ஆனால் படியைக் குறைப்பதை விட, கூட்டுவதற்குப் பதில் பெருக்குவது மேல். ப-வை e^(−படி × (ப² − 1)) ஆல் பெருக்குங்கள். அதே 0.5-இல் 3 என்பது 0.055 ஆகும், அடுத்து 0.09, பிறகு மெல்ல 1-க்கு ஏறும். குறி மாறவே மாறாது. வளையக் குயிவரிலும் க-வை இடப்பக்கம் e^(−படி × ம), வலப்பக்கம் e^(படி × ம) கொண்டு பெருக்கினால் ஐகென் மதிப்புகள் கெடாது.

இன்னொரு பொறியும் உண்டு. ப = 0-இல் தொடங்கினால் ஓட்டம் அங்கேயே நிற்கும்; கணிதவியலாளர் கிங் 1994-இல் வரையறுத்த நிலைப்புத்தன்மை அந்தப் பிரதிநிதித்துவத்துக்கு (அம்புகளுக்கு அணிகளைத் தந்த அந்தத் தேர்வுக்கு) இல்லை. ஆனால் 0 இருக்க வேண்டிய இடத்தில் 10⁻¹⁶ அளவு கணக்குப் பிழை புகுந்தால், நேரம் 37 வாக்கில் அது 1-ஐ நெருங்கி, வேறொரு முடிவுப் புள்ளியைக் காட்டிவிடும். பெரிய அணிகளில் 0 தொகுதிகளை ஒவ்வொரு படியிலும் 0 ஆகவே எழுதுங்கள்.

கேள்வி: அணிகளின் வெளி முடிவற்றது, ஓட்டம் முடிவிலிக்கு ஓடிவிடாதா?

பதில்: ஓடாது. வளையக் குயிவரில் க-வின் நார்ம் வர்க்கம் மாறும் வேகம் −2 × (ம-வின் நார்ம்)². அது கூடவே முடியாது. பொதுவான குயிவர்களிலும் ஓட்டம் ஓர் எல்லைக்குள்ளேயே இருக்கும் என்று கணிதவியலாளர்கள் ஹரடாவும் வில்கினும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்கள்.