ஒலிம்பிக் நீச்சல் ஆரம்பத்திலிருந்தே குளத்தில்தான் நடந்ததா?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாயில் நீச்சல் பழகியவர் என்கிறீர்கள்; அப்படியானால் இந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கும். முதல் மூன்று ஒலிம்பிக்கிலும் நீச்சல் குளமே கிடையாது.

1896இல் ஏதென்ஸ் அருகே கடலில் நடந்தது. தண்ணீர் அவ்வளவு குளிர். ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கி 100 மீட்டர், 1200 மீட்டர் இரண்டையும் வென்றார். 1900இல் பாரிஸின் சேன் ஆறு. அங்கே கம்பத்தில் ஏறி, படகுக்கு அடியில் புகுந்து போகும் 200 மீட்டர் தடை நீச்சல் வேறு! நம்மூர்ப் பையன்களை விட்டிருந்தால் பதக்கத்தோடு வந்திருப்பார்கள். 1904இல் ஓர் ஏரி.

1908 லண்டனில்தான் குளம் வந்தது, அதுவும் 100 மீட்டர் நீளத்தில், விளையாட்டரங்கின் நடுவே. உலக நீச்சல் கூட்டமைப்பும் அங்கேதான் பிறந்தது. பெண்களை 1912 வரை சேர்க்கவே இல்லை. அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. 50 மீட்டர் குளம் 1924இல். ஒலிம்பிக் தவிர, நீச்சலுக்கான உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியது 1973இல், பெல்கிரேடில்.

இந்தியாவுக்கு 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் சச்சின் நாக் 100 மீட்டரில் தங்கம் வென்றார். தண்ணீரில் ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவிலும் தங்கம்.

குளம் பிடிக்காதவர்களுக்கு கடல், ஆறு, ஏரி போன்ற திறந்த நீர்நிலைகளில் 10 கிலோமீட்டர் நீச்சல் 2008 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது.