தலைமையுரைக்குத் தலை எத்தனை?

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் 'கலை, பண்பாடு, அடையாளம்' என்று உரையும் வாசிப்பும் வைத்தோம். 200 கதிரை போட்டோம். 45 பேர்தான் வந்தார்கள். அவர்களிலும் பாதிப்பேர் தலைமையுரை முடியமுன்னரே எழும்பிப் போய்விட்டார்கள். வன்னிச் சனத்துக்கு ரசனை வற்றிவிட்டதா?
- ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தலைமையுரை வரைக்குமாவது இருந்தார்களே! அந்தச் சனத்துக்குத்தான் நீங்கள் பொன்னாடை போர்த்தியிருக்கவேண்டும். (பொன்னாடைக்குப் பிறகு வருகிறேன். வராமல் விடமாட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.)

தலைமையுரை தனியாக வருகிற ஆளில்லை. முன்னால் வரவேற்புரையும் ஆசியுரையும் நடக்கும். பின்னால் தொடக்கவுரை, வாழ்த்துரை இரண்டு (ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர் மூன்று வருடம் கதைக்கமாட்டார்), சிறப்புரை, அறிமுகவுரை. எட்டாயிற்றா? அழைப்பிதழில் ஆளுக்கு 5 நிமிடம்; மைக்கைப் பிடித்தால் 10. அது 80 நிமிடம். பிரதம விருந்தினருக்குக் காத்திருந்தது 40. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்பு நடனம் 25. மூன்று மணிக்கென்று கூப்பிட்ட சனத்துக்கு, எதற்காகக் கூப்பிட்டீர்களோ அந்த உரை 5.25க்குத் தொடங்கும். நெடுங்கேணிப் பக்கம் போகிறவர் ஆனை றோட்டுக்கு இறங்கமுன் வீட்டுக்குப் போகவேண்டாமா? ஆனைக்கு அடையாள அரசியல் விளங்காது.

விளக்கேற்றலிலும் ஒரு சங்கதி. சுடர் அணையுமென்று மின்விசிறியை நிற்பாட்டுவார்கள், பிறகு போட மறந்துவிடுவார்கள். பாதிச் சனம் அந்தப் புழுக்கத்தில்தான் எழும்புகிறது. திரியை முதலே எண்ணெயில் ஊறவிட்டு, நுனியில் ஒரு கர்ப்பூரத் துண்டு வைத்தால் ஐந்து முகமும் ஒரு நிமிடத்தில் பற்றும். விசிறியைத் திரும்பப் போட ஓர் ஆளைப் பொறுப்பாக வையுங்கள். தலைவரைவிட அவர் முக்கியம்.

ரசனை வற்றியதென்றால் முள்ளியவளையில் கோவலன் கூத்துக்கு விடிய விடிய இருக்கிறது யார்? கூத்திலும் ஒவ்வொருவராக வந்து தாங்கள் இன்னாரென்று சொல்லத்தான் செய்கிறார்கள். அதற்கு வரவு என்று பெயர். ஆனால் பாடி ஆடிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் தலைவரும் மத்தளத்துக்கு ஆடிக்கொண்டு வருவாரென்றால் மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

வாசிப்பும் எங்களுக்குப் புதிதில்லை. கோயில்களில் புராணபடனம் எப்படி நடக்கிறதென்று ஒருமுறை கவனியுங்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பிறகு சொல்சொல்லாகப் பிரித்துக் கொடுப்பார். மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். இரண்டு குரல் மாறி மாறி வருவதால் காது களைக்காது. கேட்டுக்கொண்டிருக்கிற கிழவிக்குக் கதை தெரியும். ஆனபடியால் பயன் சொல்பவர் பிழைவிட்டால் பிடித்தும்விடுவார். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கி, வெள்ளிதோறும் பேசினார். நாள் நிச்சயம், இடம் நிச்சயம். அழைப்பிதழில் பன்னிரண்டு பெயர் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

கவிதையோ கதையோ வாசிக்கிறவருக்கும் அந்த இரட்டைக் குரலைக் கொடுங்கள்: ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் இடையிடையே இரண்டு வசனம் சொல்லட்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் என்று வையுங்கள். 20 நிமிடத்துக்கு 2000. அதற்குமேல் கொண்டுவந்தால் வேகமாகத்தான் வாசிப்பார், வேகத்தில் முதலில் சாகிறது வசனத்தின் கடைசி வினைச்சொல். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். பக்க முடிவில் வசனம் உடையக்கூடாது. தாள்களைச் சேர்த்து ஸ்டேப்பிள் பின் அடிக்கவேண்டாம். பின் அடித்த தாளைப் புரட்டுகிற சத்தம் மைக்கில் ஓலை கிழிக்கிறதுபோல் கேட்கும். மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் வெடிக்கும். ஸ்பீக்கர் பெட்டியைப் பேச்சாளருக்குப் பின்னால் வைத்தால் அதன் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கீச்சிடும். பெட்டி மைக்குக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி நிற்கவேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை தகரக் கூரை மண்டபத்தில் எதுவும் வைக்கவேண்டாம். மழைக்கு முன்னால் எந்த அறிஞரும் எடுபடமாட்டார். மாசி, பங்குனியில் அரிவுவெட்டு. 200 கதிரையும் வேண்டாம். 40 போடுங்கள், மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள், ஆள் வர வர இறக்கலாம்.

தலைப்பையும் சுருக்குங்கள். 'கலை, பண்பாடு, அடையாளம்' என்றால் பேச்சாளர் சிந்துவெளியில் தொடங்குவார், மாங்குளம் வந்து சேரமாட்டார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் அள்ளி, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிற வழக்கம் ஒன்று போதாதா? யார் அள்ளுவது, எந்தப் பாத்திரத்தில், எந்த வழியால் கொண்டுவருவது என்று தெரிந்த ஒருவரைக் கதைக்கவிடுங்கள். எழும்பிப் போனவர்களும் வாசலில் நின்று கேட்பார்கள்.

பொன்னாடை: வேண்டாம். வன்னி வெயிலில் பொலியெஸ்டரைப் போர்த்துவது மரியாதையில்லை, தண்டனை. ஒரு நல்ல சாரம் கொடுங்கள், உடுப்பார்.

கடைசியாகக் கேள்வி நேரம். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், திரும்ப வராது. ஒரு பெடியன் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஊரில் ஒருவருக்கும் மருமகன் முறையாகாத பெடியனாகப் பாருங்கள்.