டிரிங்கோமலி போர்க்கப்பல் ஒரு சண்டைகூடப் போடவில்லையாமே, அதை ஏன் இன்னும் கட்டிக் காக்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கும் எச்.எம்.எஸ். டிரிங்கோமலியைத்தான் கேட்கிறீர்கள். பெயரில் திருகோணமலையைப் பார்த்துவிட்டுத் தேடியிருப்பீர்கள். 1782ல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதன் நினைவாக வைத்த பெயர் அது.

பெரிய சண்டை எதுவும் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஃபிரிகேட்டை அந்தக் கோலால் அளக்கக் கூடாது. வரிசை கட்டி நின்று அடித்துக்கொள்வது இரண்டு, மூன்று பீரங்கித் தளம் உள்ள பெரிய கப்பல்களின் வேலை. ஃபிரிகேட்டுக்குப் பிரதான பீரங்கித் தளம் ஒன்றுதான். வேவு பார்ப்பது, வணிகக் கப்பல்களுக்குத் துணை போவது, தூரக் கடல்களில் ரோந்து சுற்றுவது, இவைதான் அதன் பிழைப்பு.

இது சண்டைக்குப் பிந்திப் பிறந்ததற்கும் காரணம் உண்டு. 1812ல் இதைக் கட்ட ஆணை போட்டார்கள். வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஜாவா என்ற கப்பலை, அந்த டிசம்பரிலேயே பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அடித்து நொறுக்கிவிட்டது. மறுபடி வரைபடம் அனுப்பி, பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் ஏரா, அதாவது கப்பலின் அடிமுதுகுக் கட்டை, வைத்தது 1816ல். நீரில் இறக்கியது 1817 அக்டோபர் 12. நெப்போலியன் அதற்கு இரண்டு வருடம் முன்பே தோற்றுவிட்டான். 1819ல் போர்ட்ஸ்மவுத் போனதும் பாய்மரங்களையும் பீரங்கிகளையும் இறக்கிவிட்டுக் கட்டிப்போட்டார்கள். 1845 வரை அப்படியே கிடந்தது.

அந்தக் கிடப்புதான் அதைக் காப்பாற்றியது என்பேன். கப்பலின் நடுப்பகுதி அகலம், நீர் அதைத் தூக்கும். முன்னும் பின்னும் ஒடுக்கம், அங்கே தாங்கல் குறைவு. அதனால் நாளாக நாளாக இரண்டு முனையும் தொங்கி, ஏரா நடுவில் முதுகு தூக்கும். பலகைச் சந்துகள் வாய் பிளக்கும், சந்தில் அடைத்த கலப்பத்து நிற்காது. 18 பவுண்டு பீரங்கி ஒன்று சுமார் 2 டன். மேல்தளத்தில் மட்டும் 28. அந்தப் பாரம் இல்லாமல் இருபத்தைந்து வருடம் நின்றது உடம்புக்கு எவ்வளவு நல்லது!

இன்னொன்று, இதைக் கட்டிய தேக்கு மரம். ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும். ஆணி துருவேறி, சுற்றியுள்ள மரமும் கறுத்து மட்கும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் கெடுக்காது. பூஞ்சையும் கடல் புழுவும் அதை எளிதில் தொடாது.

1845ல் பீரங்கி எண்ணிக்கையை 26 ஆகக் குறைத்து, கனத்த பீரங்கிகளை ஏற்றி, தட்டையாக இருந்த பின்புறத்தை வளைவாக மாற்றினார்கள். 1847 முதல் மூன்று வருடம் வட அமெரிக்கா, மேற்கிந்தியப் பக்கம் ரோந்து. 1852 முதல் 1857 வரை பசிபிக். ஆங்கிலேயனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பாயாதீர்கள், அங்கே செய்தது பெருமைப்படும் காரியமல்ல. 1856ல் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் தீவின் கவிச்சன் பழங்குடி மக்களிடம் நானூறு பேர் கொண்ட படையைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே குடியேறிய வெள்ளையர் ஒருவரைச் சுட்டதாகச் சொல்லி கவிச்சன் மக்களில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பயணத்தில் டிரிங்கோமலியை ஆட்டர் என்ற சின்ன நீராவிக் கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போனது. பாய்மர ஃபிரிகேட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கடற்கால்வாய் ஒன்றுக்கு இன்றும் இதன் பெயர்தான்.

அப்புறம் பயிற்சிக் கப்பல், 1897ல் உடைக்க விற்பனை. கடைசி நேரத்தில் வீட்லி காப் என்பவர் வாங்கி, ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்றினார். 1986 வரை பையன்களும் பெண்களும் அதில்தான் கடல் பழகினார்கள்.

இதே லீடா வகைக் கப்பல்தான் ஷானன். 1813ல் பாஸ்டனுக்கு வெளியே அமெரிக்கக் கப்பல் செசபீக்கைக் கால் மணி நேரத்துக்குள் பிடித்தது. 1859ல் அதை உடைத்துவிட்டார்கள். இந்த வகையில் மிஞ்சியவை இரண்டே: இது ஒன்று, பாய்மரமே நடாமல் கூரை போட்டு வைத்திருந்த யூனிகார்ன் மற்றொன்று.

இதோடு ஒட்டிய எரிச்சல் ஒன்று. அமெரிக்க தேசிய கீதம் பம்பாயில் கட்டிய மிண்டன் கப்பலில் எழுதப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றுகிறது. மிண்டன் வாடியாக்கள் கட்டியதுதான். ஆனால் கீதத்தை எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ அன்றிரவு இருந்தது வெள்ளைக்கொடியோடு போன அமெரிக்கப் படகில். தயவுசெய்து அந்தச் செய்தியை இதற்குக் கீழே ஒட்டாதீர்கள்.